காலி இடத்தையும் வாசி

– நில்லு, நில்லு. எதையோ முழுங்கிட்ட.

– ஒண்ணையும் முழுங்கலைங்க. திரையில இருக்கறதைத்தான் வாசிச்சேன்.

– அந்த வரி எத்தனை இடம் தள்ளி ஆரம்பிக்குது?

– நாலு. வெறும் காலி இடம்தானே? எழுதாததை எப்படி வாசிக்கிறதாம்?

– இந்தக் கம்ப்யூட்டர் மொழியில காலி இடத்துக்கும் அர்த்தம் உண்டு, தாயே. பழைய மொழியில அடைப்புக்குறி போட்டுக் கதவைச் சாத்துவோம். இதுல கதவே கிடையாது. தள்ளி நின்னா உள்ள, ஓரமா நின்னா வெளிய.

– முப்பது வருஷமா மொழி மொழியா மாத்தறீங்க. அலுக்கலையா?

– சந்தையில எது கிராக்கியோ அதைத்தானே கடையில வைக்கணும்? நேத்து சரக்கோட உக்காந்தா ஈதான் ஓட்டணும். திங்கக்கிழமை ஆபீஸ் தேர்வுல கோட்டை விட்டா வேலை போச்சு.

– டாக்டர் திரையைப் பாக்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டாரு.

– பாத்தாதான் இந்தக் கண்ணுக்கு என்ன தெரியப்போகுது? ரெண்டு வருஷமா நீதானே வாசிக்கிற, நீதானே தட்டற. காதைப் பத்தி டாக்டர் வாயே திறக்கலையே. ம், ஓட்டு.

– போங்க... "எண்ணோட ஒண்ணைக் கூட்டு." இது ஓரமா நிக்குது. ஏங்க, இது தப்பு.

– எது?

– கூட்டற வரி, திரும்பத் திரும்ப ஓடற வரிகளுக்கு உள்ள வரணும். இல்லைன்னா எண்ணு ஏறவே ஏறாது, செக்குமாடு மாதிரி சுத்திக்கிட்டே கிடக்கும்.

– யார் சொன்னா?

– யார் சொல்லணும்? பாத்தாலே தெரியுதே. தள்ளி வெச்சுட்டேன். இப்ப ஓடுது.

– சரி. முதல்லருந்து இன்னொரு தடவை.

– முடியாதுங்க. இதுக்கு மேல வாசிக்க மாட்டேன்.

– தண்ணி குடி.

– தண்ணி குடிச்சாத் தீர்றதா இது? உங்களுக்குத் தேர்வே கிடையாதுங்க. வேலையை விட்டு எடுத்துட்டாங்க. மடல் வந்து ஒரு மாசமாச்சு. மத்ததையெல்லாம் வாசிச்சவ, அதை மட்டும் தாண்டிட்டேன். படிக்கறதுக்கு லீவு குடுத்திருக்காங்கன்னு புளுகினேன்.

– தெரியும்.

– என்ன தெரியும்?

– தினமும் மடல் மடலா வாசிச்சவ, திடீர்னு "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல"ன்ன. காலி இடம் எனக்குக் கேக்காதா?

– தெரிஞ்சுமா இந்த ஆட்டம்? இனிமே எங்க போய் வேலை செய்யப்போறீங்க? யாருக்காக இந்த ஒரு மாசமா என்னைத் தொண்டை கிழிய வாசிக்க வெச்சீங்க?

– தப்பைக் கண்டுபிடிச்சது யாரு? நானா?

– ஏங்க...

– திங்கக்கிழமை தேர்வு இருக்கு, தாயே. வேற ஆபீஸ்ல. போன்ல பேசிப் பேரும் குடுத்துட்டேன். உன் பேரை.