‘க’ இருக்கவேண்டிய இடம்

நேசமலர்: ...‘க’ எங்க? நேற்று கீபோட் நடுவிலதானே வைச்சுவிட்டனாங்கள்.

கதிர்காமநாதன்: நடுவிலதான் ரீச்சர் இருந்தது. பற்றறி இறங்கிப் போச்சு. கரண்ட் நிண்டா இந்தக் கொம்பியூட்டருக்கு எல்லாம் மறந்துபோகும். திரும்ப இங்கிலீசுக்குப் போட்டுது.

நேசமலர்: மாத்தி வைச்ச எழுத்தையெல்லாம் பாட்டுக் கசற்றில பதிஞ்சு வைக்கலாம் எண்டனீங்கள்?

கதிர்காமநாதன்: பதிஞ்சனான்... கசற் இழுபட்டுப் போச்சு.

நேசமலர்: முந்தநாளும் இழுபட்டது.

கதிர்காமநாதன்: அது வேற கசற்.

வீரகத்தி: தம்பி, கிளிநொச்சி ரவுணில றேடியோ திருத்திற கடை வைச்சுக்கொண்டு கசற் இழுபடுது எண்டு உரத்துச் சொல்லாதை. திருத்தத் தந்த சனம் தூக்கிக்கொண்டு போயிடும்.

நேசமலர்: சித்தப்பா, நீங்கள் நித்திரை எண்டெல்லோ நினைச்சன்.

வீரகத்தி: நித்திரைதான். இடைக்கிடை முழிக்கிறன். ரைப் வகுப்பு நடத்திற பிள்ளையைக் கடைக்குத் தனிய விடேலாது எண்டு உன்ர கொப்பர் என்னைக் கூட அனுப்பினவர். நான் இந்தக் கதிரையில இருந்து என்ன, வெடி விடுறதோ?

கதிர்காமநாதன்: ஐயாவின்ர நோட்டீஸ் இண்டைக்கு முடியும்.

வீரகத்தி: முடியவேணும். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குச் சனத்தை ஏத்த நான் பஸ் பிடிச்சிட்டன். லண்டனிலயிருந்து உம்மட அண்ணை அனுப்பின கொம்பியூட்டரில தமிழில அடிச்சுத் தாறன் எண்டு வாயை விட்டது நீர். ரைப் தெரிஞ்ச ஆள் வேணும் எண்டதும் நீர். ஆனா இண்டையோட பிள்ளை வராது. பிள்ளையின்ர தகப்பன் சொல்லிப்போட்டார்.

கதிர்காமநாதன்: ...வராதோ?

நேசமலர்: ஓம், சித்தப்பா நேற்று ராவே சொன்னவர்.

கதிர்காமநாதன்: ஏன் ரீச்சர் முந்தியே சொல்லேல்லை?

நேசமலர்: சொன்னா என்ன செய்திருப்பியள்?

வீரகத்தி: வேலையைப் பாருங்கோ. இருட்ட முன்னம் வீட்டை போகவேணும், றோட்டுச் சரியில்லை.

நேசமலர்: பிளாஸ்ரர் துண்டைத் தாங்கோ. ‘க’ எண்டு எழுதி இந்தக் கீக்கு மேல ஒட்டுங்கோ. தமிழில கூடுதலா வாற எழுத்து. சுட்டுவிரலுக்குக் கீழ கிடக்கவேணும்.

கதிர்காமநாதன்: பள்ளிக்கூடத்தில படிச்ச வரிசையில வைச்சா தேடாமல் அடிக்கலாம்.

நேசமலர்: நீங்கள் தேடாமல் அடிச்சதைப் பாத்தனான். ஒரு விரலால, கோழி நெல்லுக் கொத்தின மாதிரி.

கதிர்காமநாதன்: அந்தக் கோழி ‘வற்றாப்பளை’ எண்டு முழுசா அடிச்சது.

வீரகத்தி: அடிச்சது சரி. அந்தக் குட்டி அச்சு மெசினால வந்தது பஸ் ரிக்கற் அகலத்தில எல்லோ. சுவரில ஒட்டினா பல்லிதான் வாசிக்கும்.

நேசமலர்: நீங்கள் படுங்கோ சித்தப்பா... இதென்ன, ‘ங’வைக் காணேல்லை.

கதிர்காமநாதன்: புது எழுத்துக்கு இதில கொஞ்ச இடம்தான் விட்டிருக்கிறாங்கள். ‘ங’வை ஆர் பாவிக்கிறது எண்டு விட்டுட்டன்.

நேசமலர்: பொங்கல் நோட்டீசில.

கதிர்காமநாதன்: ...எட, ஓம். அப்ப ‘ஞ’வைத் தூக்குவம்.

நேசமலர்: பஸ் வெளிக்கிடுறது ஞாயிற்றுக்கிழமை.

கதிர்காமநாதன்: ஒரு நாள் முந்தி வெளிக்கிட்டா என்ன?

நேசமலர்: இந்தா கிடக்கு, ‘ஃ’. இதை ஏன் வைச்சிருக்கிறியள்?

கதிர்காமநாதன்: வடிவாக் கிடந்தது...

நேசமலர்: தூக்குங்கோ.

கதிர்காமநாதன்: தூக்கியாச்சு... ரீச்சர், ஐயா நித்திரையோ?

நேசமலர்: குறட்டை கேக்குதெல்லோ.

கதிர்காமநாதன்: ஒண்டு சொல்லவேணும். கோவிக்கக் கூடாது.

நேசமலர்: ஒட்டிக்கொண்டே சொல்லுங்கோ.

கதிர்காமநாதன்: கசற் இழுபடேல்லை. பற்றறியும் இறங்கேல்லை. நீங்கள் படி இறங்கின உடன நான்தான் வயரைக் கழட்டிறனான்.

நேசமலர்: ம்.

கதிர்காமநாதன்: பதிஞ்சா வேலை முடிஞ்சிடும். முடிஞ்சா நீங்கள் வரமாட்டியள். அதை நினைக்க எனக்கு ஏலாது ரீச்சர். வேற என்னெண்டு சொல்ல.

நேசமலர்: ஒருநாள் பதிஞ்சனீங்கள்.

கதிர்காமநாதன்: ஓம், போன வெள்ளி. பழக்கத்தில கை பதிஞ்சுபோட்டுது. ஆனா அடுத்தநாள் போட்டா நாதஸ்வரமெல்லோ கேட்டது. எப்பிடி எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை.

நேசமலர்: எங்கட வீட்டு றேடியோவில போனது. உங்கட பதிவுக்கு மேல நான்தான் பதிஞ்சனான்.

கதிர்காமநாதன்: நீங்களோ?

நேசமலர்: கைப்பைக்குள்ள வைச்சுக் கொண்டுபோனனான். விடிய வந்து எடுத்த இடத்திலயே வைச்சிட்டன். வேலை முடியக்கூடாது எண்டு உங்களுக்கு மட்டுமோ இருக்கும்? இந்தா, ‘ம’வைத் தலைகீழா ஒட்டுறியள்.

கதிர்காமநாதன்: கிடக்கட்டும். நான் உங்கட அப்பாவிட்ட வந்து கேக்கட்டோ?

நேசமலர்: கேளுங்கோ. ஆனா முதல் இந்த நோட்டீசை முடிப்பம். எங்கட விளையாட்டில சித்தப்பான்ர பஸ் வெறுமனே போகப்போகுது. நினைக்க எனக்குப் பாவமாக் கிடக்கு. பிறகு எந்த முகத்தோட அவரை எங்களுக்காகக் கதைக்கச் சொல்லுறது?

கதிர்காமநாதன்: அதுவும் சரிதான். ஐயா... ஐயா, எழும்புங்கோ. எங்கள்ளதான் பிழை. ராவிரவா இருந்தெண்டாலும் உங்கட நோட்டீசை...

வீரகத்தி: நோட்டீசோ? அது போன கிழமையே முல்லைத்தீவில அச்சடிச்சு, அக்கராயன் வரைக்கும் ஒட்டி, பஸ்ஸும் நிரம்பிட்டுது தம்பி. உம்மட கடைச் சுவரிலயும் ஒண்டு ஒட்டினனான், ரெண்டுபேரும் அதுக்கு முன்னாலதான் தினம் நிண்டு போட்டுவாறன் சொல்லுறியள். பிள்ளை, இண்டையோட வராது எண்டதும் கொப்பர் சொன்னதில்லை, இந்தக் கதிரையில இருந்து நொந்த என்ர முதுகு சொன்னது... கொப்பர் என்னட்டைச் சொன்னது ஒண்டே ஒண்டுதான்: “வீரகத்தி, போய் இருந்து பெடியனை வடிவாப் பாத்துக்கொண்டு வா, பிடிச்சுதெண்டா கலியாணத்துக்கு நாள் குறிப்பம்.”