ஜீப்புக்கு எண்ணெய்க் குளியல்

ஹலோ... ஹலோ, அத்தையா? நான்தான் அத்த, ராஜவேல்... ஆமா, ஆமா, கேக்குது, சொல்லுங்க... இப்பதான் கடலூர்ல பஸ்ஸ எடுத்தான். சிதம்பரம் வண்டிதான்... ஜீப்பு அண்ணாமலை நகர்ல எங்க லாட்ஜு வாசல்லயே நிக்கிது அத்த. பானட்ட தொறந்து போட்டுட்டு வந்திருக்கேன். ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு ஒரு ரப்பர் வளையம் இல்ல, அதுக்குத்தான் கடலூர் வரைக்கும் வந்தேன்... கெடச்சிடுச்சி. சட்டப் பையில இருக்கு.

அத்த, நேத்து உங்க பொண்ணு வினோதினி கையில ஒரு பை குடுத்தனுப்பினேனே, ஃபில்டரு... ஆங், அதான். கறுப்பா, பஞ்சு மாதிரி இருக்குமே. கழுவியாச்சா?... ஆச்சா! அத்த, நீங்க தெய்வம். எங்க லாட்ஜுல தண்ணி ஆளுக்கு ஒரு பக்கெட்டு. அதுல நான் குளிக்கறதா, ஃபில்டர் குளிக்கறதான்னு... ஆமா, ஆமா. சாயங்காலம் மாமாவ கிள்ளை கடக்கரைக்கு அழச்சிக்கிட்டுப் போவணும் இல்ல.

தெரியும் அத்த. மாமா சொன்னது எனக்கு மனப்பாடம். சவுக்குத் தோப்பு வரைக்கும் மணல்ல போயி, வண்டி எங்கயும் நிக்காம திரும்பி வந்துட்டா, எங்க வூட்ல வந்து வினோதினி கல்யாண விஷயம் பேசுவாரு. நின்னுட்டா, காட்டுமன்னார்கோயில் பேங்க் மாப்பிள்ளைக்கு ஜாதகம் குடுப்பாரு... இல்ல அத்த, எனக்கு வருத்தம் இல்ல. பேங்க் மாப்பிள்ளைக்கும் ஒரு வாழ்க்க வேணும் இல்ல.

ஆனா போன தடவ நின்னது ஜீப்பு தப்பு கெடையாது. அப்ப போட்டிருந்தது பேப்பர் ஃபில்டர். தார் ரோட்டுக்கு அது ராஜா. உப்பங்கழி ஓரமா போயி தண்ணி தெறிச்சா அப்பளம் நமுத்துப் போற மாதிரி நமுத்துப் போயிடும். அப்புறம் மேல மணல் வேற போயி அடச்சிக்கிச்சா, வண்டியால மூச்சு வுட முடியல... ஆமா, மாமா செருப்ப கையில தூக்கிக்கிட்டு நடந்தாரு. நானுந்தான் நடந்தேன், அத யாரு பேசறா... அதனாலதான் அத்த இந்தத் தடவ பஞ்சு ஃபில்டரு. அழுக்கானா கழுவலாம், எண்ணெய் போட்டு மறுபடி மாட்டலாம். மணலுக்கு இதான் லாயக்கு.

செரி, எப்படிக் கழுவினீங்க?... ம்... ம்... எண்ணெய் வெச்சி... ம்... நல்லா ஊற வுட்டு...

இருங்க அத்த. மொதல்ல எண்ணெயா?

இல்ல, மொதல்ல சோப்பு. கழுவி, காஞ்சதுக்கு அப்புறந்தான் எண்ணெய். உங்க பொண்ணு கிட்ட படிச்சிப் படிச்சி சொன்னேன்... அவ என்ன சொன்னா?... "எண்ணெய் போட்டு கழுவணுமாம்"னு சொல்லிட்டு காலேஜுக்கு ஓடிட்டாளா.

இல்ல அத்த, உங்க மேல தப்பே இல்ல. ஊரு ஒலகத்துல எல்லாரும் எண்ணெய் தேச்சிட்டுத்தான் குளிக்கறாங்க. குளிச்சிட்டு எண்ணெய் தேச்சிக்கறது இந்த ஃபில்டர் ஒண்ணுதான்... ஆமா, இன்னிக்கி சனிக்கெழம வேற. பொருத்தமாத்தான் இருந்திருக்கு.

எதப் போட்டு அலசினீங்க?... சீயக்காயா... தூளா?... வூட்லயே காய வெச்சி, மெஷின்ல குடுத்து அரச்சது. வெந்தயம், பூலாங்கெழங்கு எல்லாம் போட்டு. ரொம்ப நல்லது அத்த. அந்த ஃபில்டரோட வேல என்ன தெரியுமா? தூள உள்ள வுடாம இருக்கறது... இல்லயே, கோவப்படலயே. சும்மா தகவலுக்கு சொன்னேன்.

காய வெச்சது எங்க? வெயில்ல போட்டுடலயே?... நெழல்லயா. அப்பாடா, அது ஒண்ணு போதும்... பின்ன எப்படி அத்த அதுக்குள்ள காஞ்சிது?

...சாம்பிராணி.

சாம்பிராணி போட்டீங்களா... நெருப்பு மேல கூடைய கவுத்து... கூட மேல ஃபில்டர வெச்சி... ம்... சளி புடிக்கக் கூடாதுன்னு. புடிக்காது அத்த. இனிமே அந்த ஜீப்பு ஜென்மத்துக்கும் தும்மாது.

(கண்டக்டரிடம்) அண்ணே, சிதம்பரம் ஒண்ணு... இல்லண்ணே, கொழந்தைக்கு ஒண்ணும் ஆவல. கொழந்தயே இல்ல. ஜீப்புக்குத்தான் சாம்பிராணி போட்டாங்களாம்... நெசமாத்தாண்ணே.

அத்த, பதறாதீங்க. நேரம் இருக்கு. நான் சொல்றத மட்டும் செய்ங்க. ஒரு அன்னக்கூடையில வெதுவெதுன்னு தண்ணி. அதுல பாத்திரம் வெளக்குற லிக்விட் கொஞ்சம். பஞ்ச உள்ள முக்கி முக்கி எடுங்க. முறுக்கக் கூடாது. மாமா பனியன முறுக்கற மாதிரி முறுக்கினா கிழிஞ்சிடும். ரெண்டு கையிலயும் வெச்சி அமுக்கணும், அவ்ளோதான்... ஆங், அப்படி... சீயக்காய் வருதா?... வந்துகிட்டே இருக்கா. வரட்டும், வரட்டும். தண்ணி தெளியற வரைக்கும் அலசுங்க. இப்ப அத ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சி பாருங்க. எங்கயாவது ஓட்ட, கிழிசல்?... இல்லயா. பொழச்சிது. இனி ஃபேனுக்குக் கீழ வெச்சிடுங்க. வினோதினி தல காய வெக்கிற மெஷினு வேணாம், சூட்டுல பஞ்சு பொடிப்பொடியா போயிடும். சாம்பிராணி பக்கத்துலயே வரக் கூடாது.

காஞ்சதும் எண்ணெய். பைக்குள்ளயே ஒரு பாட்டில் வெச்சிருந்தேன் பாருங்க, நீல எண்ணெய்... அதான், கோயம்புத்தூர்லருந்து வரவழச்சது. அது ஃபில்டருக்குன்னே செய்யற எண்ணெய் அத்த. பிசுபிசுன்னு இருக்கும். காத்த வுட்டுட்டு தூசிய மட்டும் புடிச்சி வெச்சிக்கும். அது இல்லாம பஞ்ச மாட்டினா மாட்டாத மாதிரிதான், மணலு நேரா எஞ்சினுக்குள்ள போயிடும்... ஆமா, காலைல நீங்க எந்த எண்ணெய போட்டீங்க?... சமையக்கட்டு நல்லெண்ணெயா? அப்ப நீல பாட்டில தொடவே இல்ல! அத்த, இப்பதான் எனக்கு உசுரே...

...தொட்டீங்களா?

...மாமாவுக்கா?

...தலைக்கா?

இருங்க அத்த, பஸ்ஸுல ஹாரன் அடிக்கிறான். நிறுத்தி சொல்லுங்க. மாமாவுக்கு இன்னிக்கி எண்ணெக் குளியல்... ம்... வெளியூர்லருந்து ஸ்பெஷலா வந்த எண்ணெய போயி பஞ்சுக்கு ஊத்தறதான்னு... ம்... மனுஷனுக்குத் தேச்சா குளிர்ச்சியாவது கெடைக்கும்னு... பஞ்சுக்கு நல்லெண்ணெய் போதும்னு. இதுல தப்பு சொல்ல எடமே இல்ல அத்த. பாட்டில்ல மீதி எவ்ளோ இருக்கு?... முழுசுமா?... ஆமா, மாமாவுக்கு முடி ஜாஸ்தி. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அவுரே சொல்லுவாரு.

இப்ப எப்படி இருக்காரு?... சீயக்காய் மூணு வாட்டி போட்டும் போவலயா. போவாது அத்த. மழையில நனஞ்சாலே போவாது. அவ்ளோ நல்ல சரக்கு... பெருமைக்கு சொல்லல. கேட்டீங்க, சொன்னேன்.

நீலமா? எங்க?... நரச்ச எடத்துல மட்டும். அப்ப பாதி தல நீலம்... ஃபேனுக்குக் கீழ உக்காந்தாரா? அய்யய்யோ, அந்த ஃபேன எப்ப தொடச்சீங்க?... பொங்கலுக்கு. எந்தப் பொங்கலுக்கு?... செரி, வுடுங்க. அந்தத் தூசி பூரா... ம்... சாம்பிராணி சாம்பலும்... கோழி றெக்கயா? றெக்க எங்கருந்து வந்திச்சி?... கொல்லப்பக்கம் போனாரா. காத்துல வந்து ஒட்டிக்கிச்சி. அத்த, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க, அந்த எண்ணெய் அப்படியே கரெக்ட்டா வேல செய்யுது.

இருங்க, பக்கத்து சீட்டு அக்கா ஏதோ சொல்றாங்க... கடலமாவு போட்டா போவுமாம்... இல்லக்கா, வேணாங்க்கா. ஏற்கனவே எண்ணெய் இருக்கு. கடலமாவும் சேந்தா அப்புறம் வெங்காயந்தான் பாக்கி.

என்ன அத்த?... வேணாம் அத்த, மாமா கிட்ட ஃபோன குடுக்காதீங்க. நான் நேர்ல வந்து கால்ல வுழுந்து...

வணக்கம் மாமா.

நல்லா இருக்கேன் மாமா. நீங்க?... ஆமா மாமா. கேள்விப்பட்டேன்... இல்ல மாமா, சிரிக்கல. பஸ்ஸு குலுங்குது. ரோடு மோசம்... தலைக்கு ஒண்ணும் ஆவாது மாமா, பாத்திரம் வெளக்குற லிக்விட்ல போயிடும்... இல்ல, உங்கள பாத்திரம்னு சொல்லல மாமா.

என்னது? இன்னிக்கி போவ வேணாமா? மாமா, மாமா, அப்படி சொல்லாதீங்க. நாளைக்கு அந்த பேங்க்காரங்க ஜாதகம் வாங்க வூட்டுக்கே வராங்கன்னு வினோதினி சொன்னா... அதான் மாமா. இன்னிக்கி வுட்டா எனக்கு ஏது நாளு... வெளிய தல காட்ட முடியலயா. மாமா, சவுக்குத் தோப்புல யாரு இருக்கா? நண்டு இருக்கும். அதுக்கு நீலமும் ஒண்ணுதான், கறுப்பும் ஒண்ணுதான்... ஹெல்மெட்டு எடுத்தாறேன் மாமா. ஜீப்புக்குள்ள ஹெல்மெட்டு போடக் கூடாதுன்னு எவன் சொன்னான்?... ஃபில்டரா? அது காஞ்சிடும் மாமா. எண்ணெய்தான் இல்ல... கடலூர் பூரா கேட்டுட்டேன், வளையந்தான் இருக்கு, எண்ணெய் இல்லங்கறான். எண்ணெய் இல்லாம போனா... நின்னுடும் மாமா. பொய் சொல்ல மாட்டேன். இன்னிக்கி நிக்கலன்னாலும் எஞ்சின் மணல தின்னுட்டு கொஞ்ச நாள்ல படுத்துடும்... ஆமா... ஆமா... செரி மாமா. போவ வேணாம்னு நீங்க சொன்னா செரி.

...யாரு? வினோ, நீயா? எப்ப வந்த?... சிரிக்காத. நீதான இதுக்கெல்லாம்... செரி, திட்டல. நான் எங்க திட்டினேன், எனக்கு அழுகதான் வருது. எல்லாம் முடிஞ்சிது. பேங்க்காரன் வூட்டுக்கு நல்ல காப்பியா போட்டுக் குடு... என்ன?... திருப்பிச் சொல்லு... வேணாம். வேணவே வேணாம். அவுரு எனக்கு மாமனாரு ஆவப் போறவரு... ம்... மொதல்ல சீப்ப போட்டு தூசி, றெக்க எல்லாத்தையும் வாரி எடுத்துட்டு... ம்... காஞ்ச பஞ்ச தலையில வெச்சி அமுக்கி அமுக்கி எடுத்தா... எண்ணெய் தலைலருந்து பஞ்சுக்கு வந்துடும். தலையும் சுத்தம், ஃபில்டரும் ரெடி.

வினோ, மெக்கானிக்கல் படிக்க வேண்டியது நான் இல்ல, நீதான்.

ஆனா இத அவுரு கிட்ட யாரு கேக்கறது?... நானா? உங்கப்பாதான? நீயே கேளு... அத்த?... அவுங்க அடுப்படிக்குப் போயிட்டாங்களா. செரி, குடு. வளையம் வாங்கின கையோட கடலூர்லயே தங்கியிருக்கலாம். குடு.

மாமா... ஆமா மாமா, நான்தான். மாமா, உங்க கிட்ட ஒண்ணு கேக்கணும். எப்படி கேக்கறதுன்னுதான் தெரியல... இல்ல மாமா, பொண்ண சாயங்காலம் பேசிக்கலாம். இப்ப தலைய மட்டும் கொஞ்சம் குடுங்க.

...மாமா?

...ஹலோ? ஹலோ? மாமா?

ஏங்க்கா, புதுச்சத்திரத்துகிட்ட டவர் கெடைக்காதுல்ல?... நல்லா கெடைக்குமா. செரிங்க்கா.

...ஹலோ! வினோ, சொல்லு, என்ன ஆச்சி? கட் பண்ணிட்டாரா, தூக்கிப் போட்டாரா?... ஃபேன்ல பஞ்சு காஞ்சதும் குனிஞ்சிட்டாரா! நெசமா? அத்ததான் புடிச்சி அமுக்கறாங்களா?... மெதுவா அமுக்கச் சொல்லு, ஃபில்டர் கிழிஞ்சிடும்... ஆமா, அப்பாவுக்கும் வலிக்கும். எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி நீலம் ஏறணும். திட்டுத்திட்டா வுடக் கூடாது. காது பின்னால கொஞ்சம் இருக்கும், அதையும் எடுத்துடு.

என்ன கேக்கறாரு?... எத்தினி நாளைக்கு ஒரு தடவ இந்த ஃபில்டர கழுவணுமா? மணல்ல போனா, போற ஒவ்வொரு தடவையும் கழுவி எண்ணெய் போடணும்... ஏன் கேக்கறாரு?... அப்ப ஒவ்வொரு தடவையும் அவுரு தலதானான்னு கேக்கறாரா?

வினோ, இரு. "ஒவ்வொரு தடவையும்"னா சொன்னாரு? அவுரு வாயாலயே சொன்னாரா?... சத்தியமா?... அப்ப வண்டி இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலயே, அதுக்குள்ள சம்மதிச்சிட்டாரா!... வை, வை, ஃபோன வை, நான் வந்துட்டேன்.

அண்ணே! கண்டக்டர் அண்ணே! கொஞ்சம் வெரசா ஓட்டச் சொல்லுங்கண்ணே, எங்க மாமா தல காயறதுக்குள்ள போயி சேரணும்!