ஆறாவது கண்ணாடிக்கும் அதே வெளிச்சம்

"ஹலோ... மச்சான்?... நான்தான்... ஆமா, ஆமா, நானேதான். என் நம்பரை அழிச்சிட்டீங்களா?... சரி, அழிச்சிருக்க வேண்டியதுதான். திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம். மணி மூணு. அஞ்சுக்குக் கடை திறக்கணும்!"

ஏணியின் நாலாவது படியில் நின்றுகொண்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி பேசினான் சலூன்காரன். பதினோரு வருஷம் இன்னொருத்தர் கடையில் கத்தரி பிடித்தவனுக்கு இன்றைக்குத்தான் சொந்தக் கடை. மறுமுனையில் இருந்தவர் மனைவியின் அண்ணன், எலக்ட்ரீஷியன். போன மாதம் வலிய வந்து உதவுகிறேன் என்றவரிடம், "பல்பு மாட்ட ஒரு ஆள் வேணுமா?" என்று இவன் சிரித்திருந்தான். அன்றோடு பேச்சு நின்றது.

"மெதுவாத்தான் பேச முடியும்... உங்க தங்கச்சி உள்ள இருக்கா... இல்ல, சண்டையெல்லாம் இல்ல... சரி, சண்டைதான். கேளுங்க. மொத்தம் ஆறு கண்ணாடி. ஒவ்வொண்ணச் சுத்தியும் எல்.இ.டி. பட்டை ஒட்டியிருக்கேன்... எரியுதே! முதல் கண்ணாடில உக்கார்றவன் மாப்பிள்ளையாட்டம் ஜொலிக்கிறான். போகப் போக மங்கி, ஆறாவதுல உக்கார்றவன் மூணு நாள் காய்ச்சல்ல கிடந்து எழுந்தவன் மாதிரி... சிரிக்காதீங்க மச்சான். கடைசி மூணும் அவளோட நாற்காலி."

முள் குத்தியது அங்கேதான். அவளும் கத்தரி பிடிப்பவள். கடையில் பாதி அவளுடையது. மதியம் தன் கண்ணாடி முன் உட்கார்ந்து பார்த்தவள், "பாதிப் பாதின்னது வாய்ப்பேச்சுதானா? உங்களுக்குப் பகல், எனக்கு ராத்திரியா?" என்று கேட்டுவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். அங்கே துண்டு மடிக்கிறாள். ஒவ்வொரு துண்டையும் அவள் உதறுகிற சத்தம் கன்னத்தில் அறை விழுவது போலக் கேட்டது.

"எப்படி இணைச்சேனா? ஒண்ணோட வால்ல இன்னொண்ணு... ஆமா, ஆமா, ரயில் பெட்டி மாதிரி... ஏன், தப்பா?... ம்... ம்... ஓ! ஒரே ஒல்லிக் குழாய்ல ஆறு வீட்டுக்குத் தண்ணி விட்ட கதையா? முதல் வீட்டுல கொட்டும், கடைசி வீட்டுல சொட்டும்... புரியுது, புரியுது... பவர் சப்ளையா? ஓட்டை ஓட்டையா ஒரு தகரப் பெட்டி. பன்னெண்டு வோல்ட், பதினஞ்சு ஆம்பியர்னு போட்டிருக்கு... போதுமா? அப்பாடா... எந்த ஸ்க்ரூ?... வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிறதா?... அதைத் தொட்டேனாவா?"

சலூன்காரன் உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"லேசா... ரெண்டு சுத்து. கடைசிக் கண்ணாடிக்கும் கொஞ்சம் ஏறட்டுமேன்னு... ஐயோ, கத்தாதீங்க! ஆமா, முதல் பட்டை சுடுது... ஆமா, வாடை வருது... அணைச்சாச்சு! பிளக்கையே பிடுங்கிட்டேன், போதுமா?"

உள்ளே துண்டு உதறும் சத்தம் நின்றது. இவனும் மூச்சை நிறுத்தினான். மறுபடி உதறல் கேட்டபிறகுதான் வாய் திறந்தான்.

"சொல்லுங்க... இணைப்பையெல்லாம் பிரிக்கணும்... ஒவ்வொரு கண்ணாடிக்கும் பெட்டியிலேருந்து நேரா தனி வயர்... தூரத்துக்குப் போறது தடிச்ச வயர்... சிவப்பு சிவப்போட, கறுப்பு கறுப்போட... சரி. வச்சுடாதீங்க மச்சான், கையைக் காலா நினைச்சுக் கேக்கறேன்!"

அவர் வைக்கவில்லை. முக்கால் மணி நேரம், இவன் ஏணியில் ஏற, இறங்க, வயரின் தோலை உரிக்க, முறுக்க, அவர் வைது கொண்டே வழி சொன்னார். வேறு ஆளாயிருந்தால் அப்போதே போனை வைத்திருப்பார் என்பது சலூன்காரனுக்குத் தெரிந்தது. வெட்கம் காது வரை ஏறியது.

"பிளக்கைச் சொருகிட்டேன்... பெட்டியில மீட்டர் வச்சிருக்கேன்... பதிமூணரை வோல்ட்... ஸ்க்ரூவைப் பின்னாடி திருப்பறேன்... பதிமூணு... பன்னெண்டரை... பன்னெண்டு! நிறுத்திட்டேன்... முதல் பட்டையிலயா? பதினொண்ணே முக்கால். கடைசில... இருங்க... மச்சான், அதே பதினொண்ணே முக்கால்!"

ஆறு கண்ணாடியும் ஒரே நிதானத்தில் எரிந்தன. சத்தம் கேட்டு அவள் வந்தாள், தோளில் துண்டோடு. முதல் நாற்காலியில் உட்கார்ந்து முகம் பார்த்தாள். எழுந்து அடுத்ததில் உட்கார்ந்தாள். அப்படியே ஆறிலும் உட்கார்ந்து முடித்தபிறகு, கண்ணாடி வழியாகவே அவனைப் பார்த்தாள்.

"யார் வேலை இது?"

நான்தான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது.

"உங்க அண்ணன்," என்றான். "லைன்ல இருக்கார்."

பிறகு போனைச் சரியாகப் பிடித்துக்கொண்டான். "மச்சான்... அன்னிக்கு நான் பேசினது வாய்க்கொழுப்பு. மனசுல வச்சுக்காதீங்க... ஆமா... ஆமா, கொழுப்புதான், ஒத்துக்கறேன். அஞ்சு மணிக்கு வந்துடுங்க. முதல் கத்தரி உங்க தலையிலதான்... என்னது? மொட்டையா!... எப்போ?... எந்தக் கடையில? வீட்டுலயே ரெண்டு பேர் கத்தரியோட நிக்கறோம், நீங்க போய்..."

அவள் போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, தாடியாவது இருக்கா?... ஆமா... ஆமா... அப்ப அதை ஒருத்தரும் தொடக் கூடாது. அஞ்சு மணி. ஆறாவது நாற்காலி. என்கிட்ட!"

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தாள்.