அளந்த காபி

— காபி ஆறுது பாவா. குடிச்சிகினே பதில் சொல்லு.

— குடிச்சிகினே பேசினா ருசி பேச்சுல போயிடும் ரஞ்சிதம். நாள் பூரா எனக்குக் குடுத்திருக்கிற தண்ணியே ஒரு சொம்பு. அதுல பாதிய இந்தக் காபி பேருக்கு எழுதி வெச்சிட்டேன். மரியாதையா குடிக்க வேணாமா?

— டாக்டர் தண்ணிய அளந்து குடிக்கச் சொன்னாரு. மோந்து பாத்துகினே உக்காரச் சொல்லல.

— மோந்து பாக்கறதுக்கு அளவு இல்லல்ல? கிட்னி நல்லா இருந்தப்ப ஆட்டோ ஸ்டாண்டுல கணக்கில்லாம குடிச்சேன். ஒண்ணு எப்பிடி இருந்திச்சின்னு கேட்டா சொல்லத் தெரியாது. ஒரு கையில கிளாசு, இன்னொரு கையால முருகன் மலைக்கு மொட்ட போட வந்தவங்களக் கூப்பிட்டுகினு இருப்பேன். இப்ப பாரு, இது சிக்கரி, இது பாலு, இது உன் கோவம்னு தனித்தனியா தெரியுது.

— கோவம் தெரியுதில்ல, அப்ப சொல்லு. நான் கிட்னி குடுக்கறதுல உனக்கு இன்னா கஷ்டம்?

— ஆட்டோ பின்னால எழுத ஒரு வரி வந்துகினு இருந்திச்சி. காபி குடிக்கறப்பதான் வரும். கெடுத்திட்ட.

— ஆட்டோவ இப்ப ஓட்றது எங்க அண்ணன் சேட்டு. வரி மட்டும் நீயா?

— அவன் கை, நான் வாய். போன வாரம் ‘அவசரப்படாதே, ஆஸ்பத்திரி எங்கியும் போவாது’ன்னு எழுதினேன். அத்தப் படிச்சிட்டு ஒருத்தரும் ஏற மாட்டேங்கிறாங்களாம்.

— பாவா.

— ஆங்.

— டயாலிசிஸ் முடிஞ்சி வரச்சொல்லோ பஸ்ஸுல என் தோள்ல சாஞ்சிக்கிற. கனகம்மாசத்திரம் தாண்டறதுக்குள்ள வாந்தி. எத்தினி நாளைக்கு?

— வர்ற வரைக்கும் வரட்டும். நீ அம்மையார்குப்பத்துல நாள் பூரா நின்னுகினு தறி பாக்கறவ. உன்னக் கீறி ஒண்ண எடுத்து, நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா? ரெண்டு பேரும் படுத்துகினா நம்ம பொண்ணு கவிதாவ யாரு பாப்பாங்க? வேணாம். இத்தோட விடு. நான் குடிக்கிறேன்.

— நான் டெஸ்ட் எடுத்துட்டேன்.

— எப்ப?

— நீ மிஷின்ல படுத்துகினு இருந்தப்ப. பொருந்துதாம்.

— எங்கிட்ட சொல்லாமலா?

— சொன்னா ஜோக்கு சொல்லுவ.

— இப்ப ஒண்ணும் வரல. மேல இன்னா சொன்னாங்க? எத்தயோ மறைக்கிற.

— டாக்டரம்மா திட்டினாங்க. ‘ஏம்மா, தண்ணியே குடிக்க மாட்டியா? ஒடம்பு காஞ்சி கெடக்கு. நல்லா குடிச்சிட்டு மறுபடி வா, அப்பதான் சரியா சொல்ல முடியும்’னாங்க.

— ஏன் குடிக்கல?

— காபி ஆறுது பாவா, நீ குடி.

— கொடத்துல தண்ணி எறங்கவே இல்லன்னு நானும் பாத்துகினுதான் இருந்தேன். தறிகிட்ட குடிச்சிட்டு வருவேன்னு நெனச்சேன். நான் குடிக்கிற அளவுதான் நீயும் குடிக்கிறியா ரஞ்சிதம்?

— முருகனுக்கு வேண்டிகினேன். நீ வயிறு நெறைய தண்ணி குடிக்கிற வரைக்கும் எனக்கும் உன் அளவுதான்னு. காபியும் விட்டுட்டேன். தறிகிட்ட நாக்கு ஒட்டிக்கும். அப்ப உன்ன நெனச்சிக்குவேன்.

— நல்ல வேண்டுதல். குடுக்கப் போற பொருளயே காய வெச்சிருக்க.

— நீதான் வேணாங்கிறியே. காஞ்சா உனக்கு இன்னா?

— உன் டம்ளர எடு.

— எதுக்கு?

— எடு, சொல்றேன்.

— ஐயோ, இன்னாத்துக்கு பாவா பாதிய ஊத்தற? வாசன புடிச்சிகினு இவ்ளோ நேரம் காத்துகினு இருந்த. உனக்கு இருக்கறதே இதுதான்.

— முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். குடி. குடிச்சிட்டு ஒரு சொம்பு தண்ணியும் குடி. உன்கிட்ட இருக்கறது என் கிட்னி, காய விடாத.