தீராத பரங்கிக்காய்

— மாப்பிள்ளை, கொஞ்சம் இந்த ஃப்ரிட்ஜ் பக்கம் வாங்களேன்.

— ஆபீசுக்கு நேரமாச்சு அத்தை… சாயங்காலம் வந்து…

— செருப்பைக் கழட்டிட்டு வாங்க. இது என்ன?

— பரங்கிக்காய்.

— அது தெரியுது. எந்தப் பரங்கிக்காய்?

— நம்ம பரங்கிக்காய்தான். நீங்க இங்க வந்த அன்னிக்கு, தட்டிப் பாத்து, காம்பு காஞ்சிருக்கான்னு பாத்து, கடைக்காரரைப் பாடாப் படுத்தி எடுத்தீங்களே… அதுல மிச்சம்.

— ஓஹோ. வெட்டின அன்னிக்கே விதை, நார் எல்லாத்தையும் கரண்டியால வழிச்சுப் போட்டேன். இல்லேன்னா உள்ளேருந்து அழுகும். இப்ப பாருங்க, வயிறு நிறைய விதை!

— ஒருவேளை… திரும்ப…

— ஃப்ரிட்ஜுக்குள்ளயே திரும்பக் காய்ச்சிருச்சாக்கும்?

— குளிர்ல சிலது அப்படித்தான்…

— தோலைக் கிள்ளிப் பாருங்க. நான் எடுத்தது கல்லு மாதிரி, கத்தியே வழுக்குச்சு. இதுல நகம் இறங்குது. வெட்டின காய் ஒரு வாரம் தாங்கினாலே பெரிசு. நானும் சூப் வச்சேன், வறுத்தேன், தோலோட சுட்டேன், கேக்குல கூடத் துருவிப் போட்டேன். தீரவே மாட்டேங்குது!

— உங்க பொண்ணு வாங்கிட்டு வந்திருப்பா.

— அவ மேல ஏன் பழி போடறீங்க? அவ இதைக் கண்டாலே எழுந்து ஓடறா. சொல்லுங்க, யார் வேலை இது?

— …என் வேலைதான்.

— அவ்வளவு ஆசையா இது மேல?

— ஆசையா! எனக்கு இந்தக் காயே ஆகாது அத்தை. தண்ணியக் குடிச்சுக் குடிச்சு முழுங்கறேன்.

— அப்புறம் எதுக்கு…

— நீங்கதானே சொன்னீங்க? வாங்கின காயை வீணாக்கக் கூடாது, இது தீந்ததும் ஊருக்குக் கிளம்பறேன்னு.

— சொன்னேன்…

— அதான் தீர விடல. கடைசித் துண்டு தெரிஞ்சாலே பகீர்ங்குது. ஓடிப்போய் ஒரு துண்டு வாங்கி வச்சிடறேன்.

— நல்ல ஆளுங்க நீங்க!

— சிரிக்காதீங்க அத்தை. முன்னாடி நாங்க ரெண்டு பேரும் வேலை முடிஞ்சு வந்தா ஆளுக்கொரு மூலையில போனைப் பாத்துக்கிட்டு கிடப்போம். இப்ப கதவைத் திறக்கும்போதே சண்டை கேக்குது, சிரிப்பு கேக்குது… நீங்க போயிட்டா வீடே வெறிச்சோடிடும். இருங்கன்னு வாய்விட்டுக் கேக்கவும் கூச்சம். அங்க உங்களுக்கு வேலை இருக்கும்ல…

— என்ன வேலை? நாலு சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கற வேலை.

— அப்ப… இன்னொரு துண்டு வாங்கட்டுமா?

— ஐயோ வேணாம்! எனக்கும் இது தொண்டையில இறங்கல.

— உங்களுக்குமா? பின்ன ஏன் அத்தை இதைப் போய் எடுத்தீங்க?

— கடையில ஒரு வேளைக்கு ஆகற மாதிரிச் சின்னது எத்தனையோ கிடந்துச்சு, மாப்பிள்ளை. ரெண்டு ஆள் சேந்து தூக்கற மாதிரி ஒண்ணைத் தேடிப் பிடிச்சேனே, அது எதுக்குன்னு நினைச்சீங்க?