மூக்குத்தண்டுத் தழும்பு

...வாசல்ல ஒரு பலகையில நம்ம பிள்ளைங்க படத்தையெல்லாம் ஒட்டி வச்சிருக்காங்க. பார்த்தேன். உள்ள வந்து இங்க உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்களையும் பார்த்தேன். ஏங்க, அந்தப் படத்துல இருக்கிறவங்கள்லாம் எங்கங்க? இன்னும் வரலையா?

சிரிக்காதீங்க! இதுக்கு ஒரு சின்னச் சங்கதி சொல்லிட்டுப் போறேன், அப்புறம் ஜாதகத்தைப் பிரிங்க. கதையில ஒரு பொணம் வரும். இந்தா, சங்கத் தலைவர் முறைக்கிறாரு... "வரன் பார்க்கிற மண்டபத்துல சாவுக் கதையா?"ங்கிறாரு. ஐயா, நல்லதுக்குத்தான் சொல்றேன், கொஞ்சம் பொறுங்க!

சிறுமலைக் காட்டுக்குள்ள ஒரு மரத்தடியில ஒரு பெரியவர் செத்துக் கிடந்தாரு. மாரடைப்பு. பார்த்தது யாரு? ஞாயித்துக்கிழமையானா மலையேறப் போற மூணு சிநேகிதங்க. தமயந்தி, இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நாகூர்கனி, பைக் மெக்கானிக். குபேந்திரன், போட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கிறவர். பெரியவர்கிட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. இன்ஸ்பெக்டர் சொல்லிட்டாரு: "வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆஸ்பத்திரியில வச்சிருப்போம்மா. யாரும் வரலேன்னா நாங்களே புதைச்சிடுவோம்."

தமயந்திக்கு மனசு கேக்கல. "ஏம்ப்பா, யாரு பெத்த பிள்ளையோ, யாருக்கு அப்பனோ... அநாதையாவா போகணும்? நாம தேடுவோம்!" சரின்னு செத்த முகத்தைப் படம் எடுத்ததை அப்படியே வாட்ஸப்புல போட்டாங்க. போட்டதுதான் தாமதம்... "காலங்காத்தால பொணத்தைப் போடுறியே, அறிவிருக்கா?"ன்னு நாலு குரூப்புல இருந்து தமயந்தியைத் தூக்கிட்டாங்க!

அப்பதான் குபேந்திரன் எந்திரிச்சாரு. "எங்கிட்ட விடு தாயி. நான் எத்தனை கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சிருக்கேன்!"

விட்டாங்க. மனுஷன் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தாரு. மூடியிருந்த கண்ணைத் திறந்தாரு. தாடியை எடுத்தாரு. கறுப்பா இருந்தவரைச் செவப்பாக்கினாரு. அழுக்குச் சட்டையைக் கழட்டிட்டு நீலக் கோட்டு மாட்டுனாரு, டை கட்டுனாரு. நம்ம ஊருல வயக்காட்டுல நின்ன மனுஷன் செத்தாலும் போஸ்டர்ல கோட்டுதானே? கடைசியா மூக்குத்தண்டுல குறுக்கே ஒரு தழும்பு... "இது எதுக்கு அசிங்கமா?" அழிச்சாரு!

நாகூர்கனி பார்த்துட்டு, "யப்பா, கலெக்டர் மாதிரி இருக்காருய்யா!"ன்னாரு.

"இவரைத் தெரியுமா?"ன்னு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பூரா ஒட்டுனாங்க. போன் வந்துச்சா? வந்துச்சு! "இது எங்க பேங்க் மேனேஜராச்சே, உள்ள உட்கார்ந்து டீ குடிச்சிட்டு இருக்காரு"ன்னு ஒருத்தர். "கோட்டு எங்க தைச்சது?"ன்னு ஒருத்தர். புதன் போச்சு. வியாழன் வந்துடுச்சு. மறுநாள் புதைக்கணும்!

வியாழக்கிழமை மத்தியானம் நாகூர்கனி பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கப் போறாரு. சுவத்துல அவங்க ஒட்டின போஸ்டர். அதுக்குப் பக்கத்துல... ஒட்டி உரசிக்கிட்டு... இன்னொரு நோட்டீஸ். 'காணவில்லை.' ரேஷன் கார்டுல இருந்து எடுத்த மங்கலான படம். கீழே எழுதியிருக்கு: 'மூக்கில் வெட்டுத் தழும்பு இருக்கும்.'

டீ கிளாஸ் கையில இருந்து விழுந்துடுச்சுங்க!

அதுல இருந்த நம்பருக்கு அடிச்சாரு போன். உசிலம்பட்டியில இருந்து நோட்டீஸ் ஒட்டின பொண்ணு வந்து இறங்குச்சு. பேரு ஒச்சம்மா. மொதல்ல கோட்டுப் படத்தைக் காட்டுனாங்க. "இது யாரு சார்? ரெண்டு நாளா இந்தச் செவுத்துலதான் பார்க்கிறேன். இது பக்கத்துலதான் நானும் பசை தடவி ஒட்டுனேன்."

கேட்டீங்களா? அப்பன் படத்து மேல தோள் உரச நின்னு... அப்பனைத் தேடியிருக்கா!

நாகூர்கனி போன்ல இருந்த பழைய படத்தை எடுத்தாரு. கோட்டில்லாத படம். ஒச்சம்மா ஒரு விரலை எடுத்து அந்த மூக்கு மேல வச்சா.

"இந்தா இருக்காரே எங்கப்பன்! இந்தத் தழும்பு நான் போட்டதுய்யா. சின்னப்பிள்ளையில பம்பரத்தை விசிறினேன், குறுக்க வந்துட்டாரு. ரத்தம் ஒழுக ஒழுக, எம்மகளுக்குக் கை பலம்டான்னு தெரு முழுக்கச் சொல்லிச் சிரிச்சாரு!"

வெள்ளிக்கிழமை அநாதையா போக வேண்டிய மனுஷன், சிவனாண்டிங்கிற சொந்தப் பேரோட, சொந்த மக கையால போய்ச் சேர்ந்தாரு.

குபேந்திரன் அந்தப் பொண்ணுகிட்ட அழுதுட்டாரு. "தாயி, அழகா இருக்கட்டும்னுதான் அழிச்சேன். வீட்டுல மாட்ட ஒரு நல்ல படம் நான் போட்டுத் தரவா?" அவ சொன்னா: "போட்டுக் குடுண்ணே. கோட்டு வேணாம். தழும்பை மட்டும் மறக்காம வச்சுடு."

இப்பச் சொல்லுங்கம்மா. உங்க பையன் தலையில இல்லாத முடியை யாரு நட்டது? அந்தப் பொண்ணோட கண்ணாடியை யாரு கழட்டி ஒளிச்சது? மொதக் கல்யாணம் முறிஞ்சு போனதை ஏங்க வாய்க்குள்ளயே முழுங்குறீங்க? அசிங்கம்னா நினைக்கிறீங்க? உங்க பிள்ளையைத்தான் தேடிக்கிட்டு ஒரு ஜீவன் இதே மண்டபத்துல உட்கார்ந்திருக்கும். வெளிய அந்தப் பலகைக்குப் பக்கத்துலயே நின்னு, தோள் உரச நின்னு... யாரோ கலெக்டர்னு நினைச்சுத் தாண்டிப் போயிடும்!

போங்க, அந்தப் படத்தையெல்லாம் கழட்டுங்க. தழும்போட வந்து நிக்கச் சொல்லுங்க பிள்ளைங்களை. அவங்களுக்குன்னு பொறந்தவங்க, விரல் வச்சுச் சொல்லுவாங்க... இந்தா இருக்காரேன்னு!