காலை ஆறு மணி ஆட்டம்

— பக்கத்து வீட்டில கத்தினது மீரானோ?

— ஆமா மாமா. கோல் போல.

— ஆர் போட்டது?

— இங்கிலாந்து. அங்க பாருங்க, கட்டிப் புடிச்சுக்கிறாங்க.

— நான் தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்திட்டன். நீரும் பாக்கேல்லையோ?

— பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்... எப்படி உள்ள போச்சுன்னு தெரியல.

— திருப்பிக் காட்டுவாங்கள்.

— காட்டுவாங்க.

— ஆ... இந்தா. நல்ல கோல்.

— நல்ல கோல் மாமா.

— வெள்ளையன் எண்டு பேரை வச்சுக்கொண்டு, இங்கிலாந்துக்காரன் கோல் போட்டா ஒரு கை தட்டக் கூடாதோ?

— அது எங்க தாத்தா பேரு. அவரு இங்கிலாந்துக்காரனக் கண்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவாராம்.

— ராணி முதல் முதல் உம்மட பேரைச் சொன்ன அண்டைக்கு எங்கட வீட்டில அடுப்பு எரியேல்ல. செட்டிப் பெடியன், அதிலயும் வெள்ளையனாம் எண்டு மாமி போய்ப் படுத்திட்டா.

— ராணி சொல்லியிருக்கா.

— சொல்லிச் சிரிச்சிருப்பாள்.

— மாமி மாதிரியே படுத்துக் காட்டுவா. போர்வைய இழுத்து மூடிக்கிட்டு, ஒரு கண்ண மட்டும் தெறந்து பார்ப்பா.

— ஓம்... அப்பிடித்தான் பாத்தவ.

— பிஸ்கட் எடுங்க மாமா.

— வேண்டாம். ராணியின்ர படத்துக்குப் பூ மாத்தியிருக்கிறீர்.

— நேத்து ரொஸ்னா கொண்டாந்து குடுத்தாங்க. மீரான் பொண்டாட்டி. அவங்களும் ராணியும் ஒரே ஃபாக்டரி பஸ்ஸுலதான பாயான் லெப்பாஸ் போவாங்க. ஒடம்பு சுடுதுன்னு அன்னிக்குப் பாதியில இறக்கி வீட்டுக்குக் கூட்டியாந்ததும் அவங்கதான்.

— காய்ச்சல் எண்டுதானே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

— ம்.

— வெறும் காய்ச்சல் எண்டுதானே சொன்னவை.

— டிவியப் பாருங்க மாமா.

— பாக்கிறன்... இதில இங்கிலாந்து எந்தப் பக்கம் அடிக்கோணும்?

— வலது பக்கம். இல்ல... இருங்க. இடது.

— திருப்பியும் கத்துறான்.

— ரெண்டாவது. அதே ஆள்தான் போட்டிருக்கான்.

— பத்தாம் நம்பர். கெட்டிக்காரன். வரேக்க மீரான் படியில மறிச்சுவச்சுக் கணக்குச் சொன்னான். போர்ச்சுகலிட்டத் தோத்தாச்சு. மொரோக்கோவோட சமம். இண்டைக்குப் போலந்தை வெண்டா அடுத்த சுற்று, தோத்தா வீட்டுக்கு. மூண்டாவதா வந்தாலும் போகலாமாம், ஆனா எல்லா மூண்டாவதும் போக ஏலாதாம்.

— உங்களுக்குப் புரிஞ்சுதா?

— தலையாட்டினன். உமக்கு விளங்கும்தானே.

— ம்... விளங்கும்.

— மீரான் இந்த வேர்ல்ட் கப்புக்கெண்டே துறைமுகத்தில ஷிப்ட் மாத்தி வாங்கினவனாம்.

— நானும்தான் மாத்தியிருக்கேன். மத்தியானம் போனா போதும்.

— எனக்காகவோ?

— மேட்ச்சுக்காக மாமா.

— ஓம், ஓம். மேட்ச்சுக்காக. மெக்சிகோவில இப்ப பின்னேரமாம். வெயிலைப் பாரும். நாங்கள் இஞ்ச இருட்டுக்குள்ள இருந்துகொண்டு அவங்கட வெயிலைப் பாக்கிறம்.

— கண்ணு கூசுது.

— நேற்று இரவு என்ன சாப்பிட்டனீர்?

— மீ கோரெங். மூலைக் கடை நூடுல்ஸ்தான்.

— முந்தநாளும் அதுதானே சொன்னீர்.

— முந்தாநாள் சொன்னதோட சரி, சாப்பிடல. அத நேத்துக் கணக்குல வெச்சுக்குங்க.

— பகிடி விடுறீர். மாமி கேட்டா நான் என்ன சொல்லுறது?

— நல்லா சாப்பிடுறேன்னு சொல்லுங்க.

— அதைத்தான் சொல்லிக்கொண்டு வாறன்... தம்பி, இண்டையோட சரி.

— எது மாமா?

— நான் வாறது. இனி இந்தச் சுற்றில ஆறு மணி ஆட்டம் இல்லையாம். நானும் நிப்பாட்டுவம் எண்டு பாக்கிறன்.

— திங்கக்கெழமை இருக்கே. ரஷ்யா ஆடுது.

— ரஷ்யாவில எனக்கு ஆரைத் தெரியும்?

— இங்கிலாந்துல யாரத் தெரியும்?

— அதுவும் சரிதான்.

— வாங்க லா. நீங்க வரலைன்னா நான் டிவியே போட மாட்டேன்.

— ஏன் போடமாட்டீர்? உம்மைப்போலப் பைத்தியம் வேற ஆர்?

— தனியாப் பார்த்தா... நல்லா இருக்காது.

— ஃபாக்டரிப் பெடியளைக் கூப்பிடும்.

— வந்தாங்க, ஆரம்பத்துல. என்ன பேசுறதுன்னு தெரியாம அவங்கவங்க கைவெரலப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அப்புறம் நான் கூப்பிடுறத விட்டுட்டேன்.

— நாங்கள் மட்டும் என்ன கதைக்கிறம்?

— நாம மேட்ச் பார்க்குறோம் மாமா.

— ஓம்... சிம்பாங் அம்பாட்டில இருந்து ஞானாம்பிகை வந்தவ. மாமியின்ர தங்கச்சி. அவ ஒரு கதை சொன்னா.

— என்னவாம்?

— மாமனார் விடியக் காலமையில போய்க் குந்திக்கொண்டிருந்தா அந்தப் பெடியனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம் எண்டு கேட்டா.

— நான் யாரையும் பொண்ணு கேக்கல மாமா.

— இப்ப கேக்கமாட்டீர். உமக்கு வயசு கிடக்கு. நான் கதிரையை மறிச்சுக்கொண்டு இருக்கக் கூடாது.

— அந்தக் கதிரையில வேற யாரும் உக்கார மாட்டாங்க. இப்ப என்ன, நாளைக்கே வந்து ரிப்பீட் பார்ப்போம்.

— பாத்த ஆட்டத்தையோ?

— பார்த்தோமா நாம?

— மீரான் சுவரை இடிக்கிறான்.

— மூணாவது. பத்தாம் நம்பரேதான்.

— ஒருத்தன் மூண்டும் போட்டிருக்கிறான். மற்றவங்கள் என்னத்துக்கு ஓடுறாங்கள்?

— கட்டிப் புடிக்க ஆள் வேணும்ல மாமா.

— நல்லாச் சொன்னீர்... விசில் ஊதியாச்சு. இடைவேளை. சரி தம்பி, நான் வெளிக்கிடுறன்.

— எங்க? இன்னும் பாதி ஆட்டம் இருக்கு.

— மூண்டு கோல். இனி என்ன நடக்கப்போகுது?

— போலந்து நாலு போடலாம்.

— மீரானே குளிக்கப் போயிட்டான். தண்ணிச் சத்தம் கேக்கேல்லையோ?

— இருங்க மாமா, முட்டை அவிச்சுத் தரேன்.

— மாமி இடியப்பம் அவிச்சிருப்பா.

— மழை வர்ற மாதிரி இருக்கு. டத்தோ கிராமாட்ல உங்க வீடு வரைக்கும் எப்படி நடப்பீங்க?

— வானம் வெளிச்சிருக்கு. எங்க மழை?

— எட்டு மணிக்கு நானே மோட்டார் சைக்கிள்ல கொண்டு விடுறேன்.

— ஏன் எட்டு மணி?

— மேட்ச் முடியணும்ல.

— தம்பி, கதவுக்குக் குறுக்க நிண்டுகொண்டு கதைக்கிறீர்.

— செருப்பத் தேடுறேன்.

— செருப்பு உம்மட காலில கிடக்கு. இப்பிடி வாரும். உண்மையைச் சொல்லும். உமக்கு இந்தப் பந்தடி பிடிக்குமோ?

— ...ஏன் கேக்குறீங்க?

— எந்தப் பக்கம் அடிக்கிறாங்கள் எண்டு தெரியேல்ல. மீரான் கத்தினாத்தான் கோல் எண்டு உமக்கு விளங்குது. எனக்கும் அப்பிடித்தான், அது வேற கதை.

— பிடிக்காது மாமா. உங்களுக்குப் பிடிக்கும்னுதான் போட்டேன். உங்க வீட்டு டிவியில படம் சரியா விழல, நீங்க பார்க்க முடியாமத் தவிக்கிறீங்கன்னு...

— நானோ? நான் கிரிக்கெட்காரன். பந்தைக் காலால உதைக்கிறவங்களைத் திரும்பியும் பாக்கிறதில்லை. ஆர் உமக்கு அப்பிடிச் சொன்னது?

— மாமி.

— மாமியோ...

— உங்களுக்கு யாரு சொன்னா?

— மாமிதான். மருமகனுக்கு இங்கிலாந்து எண்டா உயிர், இருட்டோட எழும்பித் தனிய இருந்து பாக்குது, போய்ப் பக்கத்தில இருங்கோ எண்டா.

— எனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னாங்க. கல்யாணமானதுலேர்ந்து மாமி எனக்குப் பண்ணின மொத ஃபோன் அது.

— வேற என்ன சொன்னவ?

— சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.

— சொல்லும் தம்பி.

— மாமா...

— சொல்லும். நான் ஒண்டும் கோவிக்க மாட்டன்.

— எட்டு மணி வரைக்கும் உங்கள இங்கயே வெச்சுக்கச் சொன்னாங்க. நீங்க வீட்டுல இருந்தா அவங்களால வாய் விட்டு அழ முடியலையாம். உங்க மூஞ்சியப் பார்த்தா நின்னுடுதாம். மன்னிச்சுக்குங்க மாமா. நான் சொல்லியிருக்கக் கூடாது.

— எனக்குத் தெரியும்.

— தெரியுமா?

— மொரோக்கோ ஆட்டத்தண்டு கண்ணாடியை மறந்திட்டன் எண்டு பாதி வழியில திரும்பினன். கேற்றடியிலயே மாமி அழுறது கேட்டுது. ராணி சின்னப்பிள்ளையா இருக்கேக்க கூப்பிடுற பேரைச் சொல்லிச் சொல்லி... நான் கேற்றைத் தொடேல்ல. அப்பிடியே இஞ்ச வந்திட்டன்.

— அப்ப அன்னிக்குக் கண்ணாடி இல்லாமலா உக்காந்து பார்த்தீங்க?

— கோல் விழாத ஆட்டம். தப்பிச்சன்.

— தெரிஞ்சும் இன்னிக்கு ஏன் பாதியில கெளம்புறீங்க?

— ஒருநாளாவது அவவுக்குப் பக்கத்தில இருப்பம் எண்டு நினைச்சன். இவ்வளவு காலம் ஒரே வீட்டில இருந்துபோட்டு, என்னை வெளிய அனுப்பித்தான் அழுறா.

— நீங்க உள்ள போனா நிறுத்திடுவாங்க.

— ஓம். கண்ணைத் துடைச்சுப்போட்டு, ஆர் வெண்டது எண்டு கேப்பா.

— அப்படியா கேக்குறாங்க?

— ஆட்டம் இருக்கிற எல்லா நாளும். நானும் சொல்லுவன். ஓ, அப்பிடியோ எண்டுபோட்டுத் தேத்தண்ணி போடுவா. அவவுக்கும் பந்து தெரியாது.

— என்னால என்ன செய்ய முடியும்னு தெரியல மாமா.

— நீர் அழுதனீரோ?

— வரல. ஆஸ்பத்திரியில வரும்னு நெனச்சேன். அப்புறம் சாம்பலக் கடல்ல விடுறப்ப. அப்பவும் வரல. இப்ப அத எதிர்பார்க்குறதும் இல்ல.

— நான் பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தன். இண்டைக்கு வரும், இண்டைக்கு வரும் எண்டு. அதுக்குத்தான் வந்தனான்.

— எனக்காகவா?

— பின்ன, போலந்துக்காகவோ?

— ...நீங்க மாமா? நீங்க எங்க அழுவீங்க?

— நானோ... வீட்டில அவ. இஞ்ச நீர், கல்லு மாதிரி. வழியெல்லாம் தெரிஞ்ச சனம், என்ன விஸ்வலிங்கம் நடைப் பயிற்சியோ எண்டு கேக்குது. எனக்கு இன்னும் ஒரு இடம் அம்பிடேல்ல தம்பி.

— உக்காருங்க. டிவிய நிறுத்த வேணாம். நான் கதவச் சாத்திட்டுக் கீழ போறேன்... மேட்ச் முடிஞ்சு, இன்னும் கொஞ்சம் கழிச்சுத்தான் வருவேன்.